பெருக்கியை மட்டும் பார்த்து பிராஜெக்ட் எடுக்காதீர்கள்

கடைசி வருடம் இ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன் இன்ஜினியரிங்) படிக்கும் பிள்ளைகள் தலைப்பு தேடி அலையும் காலம் இது. வடசென்னையில் வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை பக்கத்திலிருந்து சிலர் என்னிடமும் வருவார்கள். நியூரல் நெட்வொர்க் ஓட்டும் சிப்புகளில் கணக்குப் போடும் பகுதியை வடிவமைப்பதுதான் என் வேலை என்று தெரிந்து வருகிறவர்கள். பெரும்பாலும் ஒரே தலைப்பைத்தான் நீட்டுவார்கள்: ‘ஏஐ பயன்பாட்டுக்கான அதிவேக வேதிக் மல்டிப்ளையர்’. பிராஜெக்ட் சென்டரில் காசு கட்டினால் வெரிலாக் (சர்க்யூட்டை எழுத்தில் விவரிக்கும் மொழி) கோடு, ரிப்போர்ட், பிபிடி எல்லாம் ஒரே பென்டிரைவில் வந்துவிடுகிறது. அந்தக் காசு துறைமுகத்தில் மூட்டை தூக்கியும் மார்க்கெட்டில் கூவி விற்றும் அப்பா அம்மா சேர்த்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வேத கணிதச் சூத்திரத்தின்படி எண்களைப் பெருக்கும் சர்க்யூட்தான் வேதிக் மல்டிப்ளையர். அது தவறான விடை தருவதில்லை. ஆனால் அதில் புதுசாக ஒன்றும் இல்லை. 8 பிட் எண் இரண்டைப் பெருக்க ஒவ்வொரு பிட்டையும் மற்ற எண்ணின் ஒவ்வொரு பிட்டோடும் சேர்க்க வேண்டும். 64 அண்ட் கேட் (இரண்டு பிட்டும் 1 என்றால் மட்டும் 1 தரும் சர்க்யூட்) வேண்டும். சாதாரண அர்ரே மல்டிப்ளையரும் அதே 64-ஐத்தான் உண்டாக்குகிறது. மிச்சமிருப்பது அவற்றை எப்படிக் கூட்டுவது என்பதுதான். அதை வேகமாகச் செய்யும் வழியை கிறிஸ் வாலஸ் 1964-லும் லூயிஜி டாடா (Dadda) 1965-லும் எழுதி வைத்துவிட்டார்கள். இன்றைக்கு வெரிலாக்கில் பெருக்கலுக்கு வெறும் நட்சத்திரக் குறி போட்டாலே, கோடைச் சர்க்யூட்டாக மாற்றும் சிந்தசிஸ் டூல் நல்ல பெருக்கி ஒன்றைத் தானே எடுத்துப் போடும். ஆர்டிக்ஸ்-7 போர்டாக (நம் சர்க்யூட்டை ஏற்றிப் பார்க்கும் எஃப்பிஜிஏ சிப்) இருந்தால், எண்ணின் அகலத்தைப் பொறுத்து அது டிஎஸ்பி பிளாக் என்ற தயார்க் கணக்குப் பகுதிக்குப் போகலாம். அந்த ஒரு பிளாக்குக்குள் 25×18 பெருக்கியும் 48 பிட் கூட்டியும் தயாராக இருக்கின்றன. கேட் கேட்டாக எழுதிய வேதிக் கோடு அதைச் சும்மா விட்டுவிட்டு எல்யூடி எனும் சின்னச் சின்ன பொது லாஜிக் கட்டங்களைத் தின்கிறது. ரிப்போர்ட்டில் இருக்கும் ‘வேகம் அதிகம்’ அட்டவணையில் இந்த நட்சத்திரக் குறியோடு ஒப்பிட்ட வரிசை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சரி, அப்போது கவனிக்க வேண்டியது எது? நியூரல் நெட்வொர்க்கில் பெருக்கி தனியாக வேலை செய்வதில்லை. மாடல் கற்றுவைத்த எண்ணான எடையையும் உள்ளீட்டையும் பெருக்கி, வந்த விடையை முந்தைய கூட்டுத்தொகையோடு சேர்த்துக்கொண்டே போக வேண்டும். இதைத்தான் மேக் யூனிட் என்கிறோம். இதில் பிள்ளைகள் அதிகம் கோட்டைவிடுவது கூட்டும் இடத்தில்தான்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைக் கேமராவில் எண்ணும் பிராஜெக்ட் ஒன்றைப் பார்த்தேன். நல்ல யோசனை, நம் ஊருக்குத் தேவையானதும்கூட. நிழல் விழுந்த படங்களில் சரியாக எண்ணியது. உச்சி வெயிலில் எடுத்த படத்தில் மட்டும் லாரியே இல்லை என்றது. பையன் மாடலை மறுபடி மறுபடி ட்ரெயின் செய்துகொண்டிருந்தான். வெரிலாக் ஃபைலைத் திறந்து பார்த்தால், 8 பிட் பெருக்கல்களின் விடையைக் கூட்ட 16 பிட் ரிஜிஸ்டர் (எண்ணைப் பிடித்து வைக்கும் இடம்) வைத்திருந்தது. குறியோடு சேர்ந்த 16 பிட்டில் அதிகபட்சம் 32,767. 127-ஐ 127-ஆல் பெருக்கினால் 16,129. இரண்டு முறை கூட்டினால் 32,258, தாங்கிவிடும். மூன்றாவது முறை 48,387 வர வேண்டிய இடத்தில் ரிஜிஸ்டர் சுற்றிக்கொண்டு மைனஸ் 17,149 காட்டும். பளிச்சென்ற படத்தில் பெரிய எண்கள் அடுத்தடுத்து வரும்போது இதுதான் நடந்தது. மைனஸ் 128-ஐ மைனஸ் 128-ஆல் பெருக்கும் இடமாக இருந்தால் இரண்டாவது கூட்டலிலேயே போய்விடும்.

படத்தின் மேல் நகர்த்தும் ஃபில்டர் 3×3, உள்ளீட்டில் 64 சேனல் என்றால் ஒரு விடைக்கு 3×3×64, அதாவது 576 பெருக்கல். கூட்டுத்தொகை 94 லட்சத்தைத் தாண்டலாம். குறியோடு 25 பிட் வேண்டும். அதனால்தான் 8 பிட் மேக் யூனிட்டுகளில் பொதுவாகக் கூட்டுத்தொகைக்கு 32 பிட் ரிஜிஸ்டர் வைக்கிறார்கள். அந்த அகலம் வீண் இல்லை. கூட்டல் மலிவு, பெருக்கல்தான் செலவு.

எவ்வளவு செலவு? ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் ஹோரோவிட்ஸ் 2014-ல் ஐஎஸ்எஸ்சிசி என்ற சிப் வடிவமைப்பு மாநாட்டில் காட்டிய, 45 நானோமீட்டர் சிப்புக்கான மின்சாரச் செலவுக் கணக்கு இன்றும் எங்கள் துறையில் பாடம். 8 பிட் கூட்டலுக்கு 0.03 பிகோஜூல் (ஒரு ஜூலின் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் பிகோஜூல்), 32 பிட் கூட்டலுக்கு 0.1. பெருக்கலில் 8 பிட்டுக்கு 0.2, 32 பிட்டுக்கு 3.1, 32 பிட் ஃப்ளோட்டிங் பாயின்ட்டுக்கு (புள்ளி நகரும் தசம எண்) 3.7. பிட்டைக் கால்வாசி ஆக்கினால் பெருக்கலின் செலவு பதினைந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. ஏனென்றால் பெருக்கியின் அளவு கிட்டத்தட்ட அகலத்தின் வர்க்கமாக வளரும். 32 பிட் ஃப்ளோட்டிங் பாயின்ட்டில் 24×24 பெருக்கி தேவை, அதன் 16 பிட் சுருக்க வடிவமான பிஃப்ளோட்16-க்கு 8×8 போதும். எத்தனை பிட்டில் மாடல் தாங்கும் என்று கண்டுபிடித்தாலே, எந்த மல்டிப்ளையர் தந்திரமும் தராத லாபம் கிடைத்துவிடும்.

அதே கணக்கில் இன்னொரு எண் உண்டு. வெளி மெமரியான டிராமிலிருந்து 64 பிட் எடுத்துவர 1,300 முதல் 2,600 பிகோஜூல். எட்டு எண்களுக்குப் பிரித்துப் பார்த்தாலும், ஒரு 8 பிட் எண்ணைக் கொண்டுவரும் செலவு அதைப் பெருக்கும் செலவைப்போல எண்ணூறு மடங்குக்கும் மேல். குழம்பில் போடும் ஒவ்வொரு துண்டு மீனுக்கும் ஒரு தடவை காசிமேடு போய்வருகிற மாதிரி. கூகுள் 2015-லிருந்து பயன்படுத்திய தன் முதல் ஏஐ சிப்பான டிபியு-வில் 256×256, அதாவது 65,536 மேக் யூனிட்டுகள் கட்டம் கட்டமாக இருந்தன. எடைகள் இடத்தைவிட்டு நகராது. உள்ளீடு பக்கவாட்டில் நகரும், கூட்டுத்தொகை கீழே இறங்கும். ஒரு முறை கொண்டுவந்த எண்ணை எத்தனை முறை பயன்படுத்துகிறோம் என்பதுதான் அங்கே வித்தை. பெருக்கி சாதாரணமானதே போதும்.

மின்சாரக் கணக்கை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அத்திப்பட்டுக்கும் வல்லூருக்கும் பக்கத்தில் வாழ்கிறவர்கள் நாம். அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்து மீன்பாடு என்ன ஆனது என்று எண்ணூர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். டேட்டா சென்டர் எந்த ஊரில் இருந்தாலும் அதற்கான கரி எங்கோ ஒரு ஊரில் எரிகிறது. சிப் வடிவமைக்கிறவன் ஒரு பிகோஜூலை மிச்சம் பிடிக்கப் படும் பாடு மார்க்குக்காக மட்டும் இல்லை.

தலைப்பு எடுக்கப் போகிறவர்கள் இவற்றைச் செய்யலாம், காசு தேவையில்லை. இலவச மென்பொருள்களான ஐகாரஸில் சிமுலேஷன், யோசிஸில் சிந்தசிஸ். 130 நானோமீட்டர் சிப் வடிவமைக்கத் தேவையான ஸ்கை130 தொழில்நுட்பக் கோப்புகள் 2020-லிருந்து திறந்தே கிடக்கின்றன. சிப்பின் வரைபடத்தைத் தயாரிக்கும் இலவச மென்பொருளான ஓபன்லேனில் ஓட்டினால் உங்கள் வடிவமைப்பு சிலிக்கானில் எத்தனை சதுர மைக்ரோமீட்டர் பிடிக்கும் என்று தெரிந்துவிடும். முதலில் பைத்தானில் பிட்டுக்குப் பிட் அதே கணக்கைப் போடும் ஒரு மாதிரியை எழுதுங்கள். அப்புறம்தான் வெரிலாக். இரண்டின் விடையும் ஒரு பிட்கூட மாறக்கூடாது. வடிவமைப்பைச் சோதிக்கும் டெஸ்ட்பெஞ்சில் மைனஸ் 128 கட்டாயம் இருக்கட்டும்.

பவர் ரிப்போர்ட்டை மட்டும் டூல் கொடுத்தபடியே நம்ப வேண்டாம். உண்மையான செயல்பாட்டுக் கோப்பைக் கொடுக்காவிட்டால், பிட்டுகள் எத்தனை முறை மாறும் என்பதை அது தானாக அனுமானித்துக்கொள்ளும். மைனஸ் எண்களைப் பூஜ்யமாக்கும் ரெலு படியைத் தாண்டி வரும் மதிப்புகளில் பூஜ்யம் நிறைய இருக்கும். உங்கள் சொந்தப் படங்களை ஓட்டி, எந்தப் பிட் எப்போது மாறியது என்று பதிவாகும் அந்த சிமுலேஷனின் விசிடி கோப்பைக் கொடுத்து அளந்து பாருங்கள். பூஜ்யம் வரும்போது பெருக்கியின் உள்ளீட்டை அசையாமல் பிடித்து வைக்க ஒரு சின்ன சர்க்யூட் சேர்த்து, மறுபடி அளந்து, இரண்டு எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள். வைவாவில் கேள்வி வந்தால் அந்த அட்டவணையை நீங்களே விளக்கலாம்.