உங்கள் தெருவின் கட்டட விதியை நீங்களே எழுதலாம்: இங்கிலாந்தின் நெய்பர்ஹூட் பிளான்

பழைய தெருக்களில் குடியிருப்பவர்களுக்குப் பழகிப்போன விஷயம்தான். ஒருநாள் விளக்குக் கம்பத்தில் கவுன்சிலின் அறிவிப்பு ஒட்டியிருக்கும். முனையில் இருக்கிற பழைய கட்டடத்தை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட யாரோ விண்ணப்பித்திருப்பார்கள். ஆட்சேபம் தெரிவிக்க மூன்று வாரம். அவசரமாக நாலு பேரிடம் கையெழுத்து வாங்கி அனுப்புவோம். ஆனால் அந்தக் கட்டத்தில் நம் கையில் அதிகம் இருக்காது. கவுன்சில் விதியைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். விதியோ ஏற்கெனவே எழுதியாகிவிட்டது.

அந்த விதி எழுதப்படும் இடத்திலேயே நுழைவதற்கு 2011ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டம் வழி தருகிறது. அதன்படி ஒரு பகுதி மக்களே தங்கள் பகுதிக்கு நெய்பர்ஹூட் பிளான், அதாவது அங்கே எதை எப்படிக் கட்டலாம் என்ற விதித்தொகுப்பு, எழுதலாம். வாக்கெடுப்பில் அது ஜெயித்துவிட்டால், பிளானிங் (கட்டட அனுமதி) விண்ணப்பங்களை முடிவுசெய்யும்போது கவுன்சில் தன் எல்லை முழுவதற்குமான லோக்கல் பிளானோடு இதையும் பின்பற்ற வேண்டும். தக்க காரணம் இல்லாமல் ஒதுக்கிவைக்க முடியாது. இது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டம் வேறு.

பாரிஷ் கவுன்சில் (ஊர் அளவிலான சிறு உள்ளாட்சி மன்றம்) உள்ள ஊர்களில் அதுவே பிளானை எழுதும். பெருநகரங்களின் பெரும்பகுதியில் பாரிஷ் கிடையாது. அங்கே மக்கள் ஒரு ஃபோரம், அதாவது பிளான் எழுதும் குழு, தொடங்க வேண்டும். குறைந்தது 21 பேர் வேண்டும். அவர்கள் அங்கே குடியிருப்பவர்களாகவோ, வேலை செய்பவர்களாகவோ, அப்பகுதிக் கவுன்சிலர்களாகவோ இருக்கலாம். வீடு சொந்தமாக இருக்க வேண்டும் என்று எந்த நிபந்தனையும் இல்லை. வாடகைக்கு இருப்பவரும் சேரலாம், கடையில் வேலை பார்ப்பவரும் சேரலாம். ஒரு பகுதிக்கு ஒரே ஃபோரம்தான்; கவுன்சில் தரும் அங்கீகாரம் ஐந்து ஆண்டு செல்லும்.

நகர்ப்பகுதியில் முதலில் இதைச் செய்து முடித்தது எக்ஸிடர் நகரின் செயின்ட் ஜேம்ஸ். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலுள்ள பழைய பகுதி. குடும்பங்கள் இருந்த வீடுகள் வரிசையாக மாணவர்களின் வாடகை அறைகளாக மாறிக்கொண்டிருந்தன. மாணவர்களும் குடும்பங்களும் கலந்து வாழும் சமநிலை வேண்டும் என்பதை மையமாக வைத்து மக்கள் பிளான் எழுதினார்கள். 2013 மே மாத வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 92 சதவீதம் பேர் ஆதரித்தார்கள்.

லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் இன்னொரு உதாரணம். அங்கே பிரிக் லேனில் 1743இல் பிரெஞ்சு அகதிகள் கட்டிய தேவாலயம் பின்னாளில் மெதடிஸ்ட் சபையாக, 1898இல் யூத வழிபாட்டிடமாக, 1976இல் வங்காளிகளின் பள்ளிவாசலாக ஆனது. வந்தவர்கள் எல்லோரும் அதே சுவர்களுக்குள் தங்கள் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். இப்படிப்பட்ட பகுதியில் எதைக் காப்பது என்று அங்கே இருப்பவர்கள்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கடைகளும் அலுவலகங்களும் நிறைந்த பகுதி என்பதால் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் வணிகப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அத்தகைய இடங்களில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வாக்கெடுப்பு, வணிகர்களுக்குத் தனியாக இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் முடிவு கவுன்சிலுக்கு. சிறுகடை வைத்திருக்கும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிளானில் என்ன எழுதலாம்? புதுக் கட்டடத்தின் உயரம், முகப்புக்கான செங்கல், கடைப் பலகையின் அளவு, காக்க வேண்டிய உள்ளூர்க் கட்டடங்களின் பட்டியல், கட்டடம் வரக்கூடாத பசுமை இடங்கள் ஆகியவற்றை எழுதலாம். ‘பகுதியின் அழகு கெடக்கூடாது’ என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. அதற்கு ஆளுக்கொரு அர்த்தம் சொல்வார்கள். எந்தத் தெரு, எத்தனை மாடி, என்ன காரணம் என்று குறிப்பாக எழுதி, புகைப்படமும் கணக்கெடுப்பும் சேர்த்தால்தான் நிற்கும்.

எல்லைகளும் உண்டு. லோக்கல் பிளான் ஒதுக்கிய வீடுகளின் எண்ணிக்கையைக் குறைக்க முடியாது. வாடகையைக் கட்டுப்படுத்த முடியாது. பிளானிங் அனுமதியே தேவைப்படாத மாற்றங்களை இது தொடாது. குப்பை, பார்க்கிங் கட்டணம் போன்றவற்றைப் பிற்சேர்க்கையில் கோரிக்கையாகச் சொல்லலாம், விதியாக முடியாது.

வரைவு தயாரானதும் ஆறு வாரம் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். அப்புறம் கவுன்சில் ஆறு வாரம் வெளியிட்டு வைக்கும். பிறகு சுயேச்சையான ஒரு பரிசோதகர் பார்ப்பார். அவர் திருத்தம் சொல்வது சகஜம்தான், மனம் தளர வேண்டாம். கடைசியில் வாக்கெடுப்பு. விழுந்த வாக்குகளில் பாதிக்கு மேல் ஆதரவு இருந்தால் போதும். இத்தனை பேர் வாக்களித்தே ஆக வேண்டும் என்ற வரம்பு இல்லை. பரிசோதகருக்கும் வாக்கெடுப்புக்கும் ஆகும் செலவு கவுன்சிலுடையது. ஆனால் பிளான் எழுதும் குழுக்களுக்கு அரசு தந்துவந்த மானியம் 2025இல் நின்றுவிட்டது. அதனால் கவுன்சிலின் உதவியைக் கேட்டுப் பெறுங்கள். ஆலோசனை தருவது அதன் சட்டக் கடமை.

உள்ளாட்சித் தேர்தலில் வாக்குரிமை உள்ளவர்களே இந்த வாக்கெடுப்பிலும் வாக்களிப்பார்கள். அதற்குப் பிரிட்டிஷ் குடியுரிமை வேண்டியதில்லை. இலங்கை, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். அந்தப் பாஸ்போர்ட்டோடு சட்டப்படி இங்கே குடியிருப்பவர், வேலை விசாவில் இருந்தாலும் சரி, 18 வயதாகியிருந்தால் வாக்காளர் பட்டியலில் பதிவுசெய்து வாக்களிக்கலாம். நம்மில் பலர் இதை அறியாமல் ஒதுங்கியே இருக்கிறோம்.

பணமும் இருக்கிறது. சி.ஐ.எல். (கம்யூனிட்டி இன்ஃப்ராஸ்ட்ரக்சர் லெவி) என்ற கட்டணத்தைக் கட்டடம் கட்டுபவர்களிடம் வசூலிக்கும் கவுன்சில்களில், பிளான் உள்ள பகுதிக்கு அங்கே வசூலானதில் 25 சதவீதம் ஒதுக்க வேண்டும். பிளான் இல்லாவிட்டால் 15 சதவீதம்தான், அதற்கு உச்சவரம்பும் உண்டு. பாரிஷ் இல்லாத இடங்களில் பணம் கவுன்சிலிடமே இருக்கும். செலவிடுமுன் மக்களைக் கேட்க வேண்டும்.

கவுன்சிலின் பிளானிங் பாலிசி பிரிவுக்கு எழுதி, உங்கள் பகுதியில் ஃபோரம் இருக்கிறதா, அங்கீகாரம் எப்போது முடிகிறது என்று கேளுங்கள். இருந்தால் அதில் சேருங்கள். அங்கே குடியிருப்பவருக்கும் வேலை செய்பவருக்கும் உறுப்பினர் சேர்க்கை திறந்திருக்க வேண்டும் என்பது சட்டம்.