கதீட்ரல்: கதிரை இருக்கும் கோவில்

‘கதீட்ரல்’ என்றதும் வானைத் தொடும் கோபுரமும் வண்ணக் கண்ணாடி சன்னலும்தான் நினைவுக்கு வரும். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரு நாற்காலி.

கிரேக்கத்தில் ‘கதெத்ரா’ என்றால் இருக்கை. ‘கதா’ கீழே, ‘ஹெத்ரா’ ஆசனம். இலத்தீனில் ஆசிரியர் அமர்ந்து பாடம் சொல்லும் நாற்காலிக்கும் அதுவே பெயர். கிறிஸ்தவ ஆயரும், அதாவது பிஷப்பும், அப்படி அமர்ந்துதான் போதித்தார். அவருடைய நாற்காலி உள்ள கோவில் ‘எக்லேசியா கதெத்ராலிஸ்’. நாளடைவில் ‘எக்லேசியா’ உதிர்ந்துபோய் அடைமொழி மட்டும் பெயராக நின்றுவிட்டது.

அதே ‘கதெத்ரா’ போர்த்துகீசியத்தில் ‘கதேய்ரா’ ஆகி, கப்பலேறி இலங்கைக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் இன்றும் வீட்டுக்கு வந்தவரை உட்காரச் சொல்லி இழுத்துப் போடும் ‘கதிரை’ அதுதான். கதீட்ரலும் கதிரையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்!

ஆக, கதீட்ரல் என்பதற்கு அளவுகோல் உயரமும் அல்ல, அழகும் அல்ல, ஆயரின் இருக்கை. பாரிஸுக்கு வடக்கே உள்ள சான் தெனி இதற்கு நல்ல சாட்சி. அங்கே மடாதிபதி சூஜே கட்டி 1144-ல் அர்ச்சித்த பீடப் பகுதியிலிருந்துதான் கோதிக் என்ற கட்டடக் கலைப் பாணி தொடங்கியது என்பார்கள். ஆனால் அது மடத்துக் கோவில். 1966-ல் அங்கே தனி மறைமாவட்டம் (ஓர் ஆயரின் ஆளுகைப் பகுதி) அமைந்த பிறகே அது கதீட்ரல் ஆனது. பாணிக்குத் தாய்வீடு, பட்டம் கிடைக்கவோ எண்ணூறு வருடக் காத்திருப்பு.

சரி, இடைக்காலத்துக் கதீட்ரல் எப்படி இருக்கும்? பிரான்சின் ஷார்த்ர் நகரத்துக் கோவிலைப் பார்க்கலாம். 1194-ல் தீயில் பெரும்பகுதி அழிந்தபின் எழுப்பியது. தரைப்படம் சிலுவை வடிவம். மக்கள் நிற்கும் நீண்ட நடுக்கூடத்தின் பெயர் ‘கப்பல்’ என்ற பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. திருச்சபையையே கரை சேர்க்கும் கப்பலாகக் கண்ட மரபு அது. அந்தக் கூடத்தின் கல்கூரை ஏறக்குறைய 37 மீட்டர் உயரம். அவ்வளவு பாரம் சுவரை வெளியே தள்ளுமே? அதற்குத்தான் வெளியில் நிற்கும் கல்தூண்களிலிருந்து பாய்ந்து வந்து சுவரைத் தாங்கும் முட்டு வளைவுகள். பாரத்தை அவை வாங்கிக்கொண்டதால் சுவரைத் திறந்து கண்ணாடி பதிக்க இடம் கிடைத்தது. ஒளி இறைவனின் அடையாளம் என்று நம்பியவர்களுக்கு வேறென்ன வேண்டும்!

வடக்கு வட்டச் சன்னலின் நடுவில் குழந்தையோடு மரியாள், தெற்கில் மகிமையோடு கிறிஸ்து, மேற்கில் இறுதித் தீர்ப்பு. எனக்கு மிகப் பிடித்தது தெற்குச் சன்னலின் கீழே இருக்கும் காட்சி: புதிய ஏற்பாட்டு நற்செய்தியாளர் நால்வர், பழைய ஏற்பாட்டு இறைவாக்கினர் நால்வரின் தோளில் உட்கார்ந்திருக்கிறார்கள். எசாயாவின் தோளில் மத்தேயு, எரேமியாவின் தோளில் லூக்கா. திருவிழாக் கூட்டத்தில் அப்பா தோளில் ஏறிய பிள்ளை மாதிரி. புதியது பழையதன் மேல் நின்று பார்க்கிறது என்ற இறையியலை எழுத்தறியாதவரும் கண்ணால் படிக்கலாம்.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? ‘பேராலயம்’ என்றே பெரும்பாலும் எழுதுகிறோம். யாழ்ப்பாணத்து மரியன்னை பேராலயம் கதீட்ரல்தான். ஆனால் வேளாங்கண்ணியையும் பேராலயம் என்கிறோமே! அது 1962-ல் ‘பசிலிக்கா’ என்ற சிறப்பு பெற்ற கோவில். அந்த மறைமாவட்டத்து ஆயரின் இருக்கை இருப்பதோ தஞ்சாவூரில். சென்னை சாந்தோம் இரண்டுமாக இருப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

‘பீடக் கோவில்’ என்று சொல்லிப் பார்த்தேன், சரிவரவில்லை. பீடம் என்றால் கிறிஸ்தவர்களுக்குப் பலிபீடம்தான் நினைவுக்கு வரும். பேச்சில் பேராலயம் இருந்துவிட்டுப் போகட்டும். வேறுபாடு தெரிய வேண்டிய இடத்தில் ‘மறைமாவட்டத் தலைமைக் கோவில்’ என்றோ, சொல்லின் வேரையும் காட்ட விரும்பினால் ‘ஆயர் இருக்கைக் கோவில்’ என்றோ எழுதலாம். என் ஓட்டு இரண்டாவதற்கு.