கலங்கல் கூடும்போது எண் இறங்குவது ஏன்?

மாரியில் கனகராயன் ஆறு கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துக்குத் தண்ணீரோடு வன்னியின் செம்மண்ணையும் கொண்டுவந்து சேர்க்கிறது. அந்தக் கலங்கலை அளக்கும் கருவி எளிமையானது. கண்ணாடிக் குப்பியில் நீரை நிரப்பி, ஒரு பக்கத்தால் ஒளியைப் பாய்ச்சி, அதற்குச் செங்குத்தாக, 90 பாகையில் சிதறி வரும் ஒளியை அளக்கிறார்கள். துகள் கூடினால் சிதறலும் கூடும், எண்ணும் ஏறும். அந்த எண்ணின் அலகு என்டியு (NTU).

கிணற்று நீருக்கு இது போதும். வெள்ளநீரிடம் கருவி ஏமாந்துபோகிறது. ஓர் எல்லைக்கு மேல் மண் கூடக் கூட எண் ஏறாமல் நின்று, பிறகு இறங்கவே தொடங்கிவிடும். சேற்று நீரும் ஓரளவு கலங்கிய நீரும் ஒரே எண்ணைக் காட்டலாம்.

காரணத்தை வீட்டிலேயே பார்க்கலாம். இருட்டறையில், இலேசாகக் கலங்கிய நீருள்ள போத்தலின் பக்கத்தில் டோர்ச் அடியுங்கள். ஒளி ஒரு கோடாக மறுகரை வரை ஓடும். களிமண்ணைக் கரைத்துக்கொண்டே போனால் கோடு தடிக்கும், மங்கும், குறுகும். கடைசியில் டோர்ச் தொடும் இடத்தில் ஒரு பொட்டு மட்டும் ஒளிரும், போத்தலின் நடுப்பகுதி இருண்டுவிடும். பக்கத்திலிருந்து நடுவையே பார்த்துக்கொண்டிருக்கும் கருவியின் ஒளி உணரிக்கு என்ன தெரியும்?

வற்றாப்பளைப் பொங்கல் கூட்டத்தில் அகப்பட்டவர் இடிபட்டு இடிபட்டு நுழைந்த பக்கமே வெளியே வருவதைப் போல, ஒளியும் துகளுக்குத் துகள் மோதி வந்த வழியே திரும்புகிறது. ஆகவே சேற்று நீரில் உணரியை விளக்கின் பக்கத்திலேயே வைத்து, திரும்பும் ஒளியை அளக்கிறார்கள். விளக்கும் பெரும்பாலும் அகச்சிவப்புதான். இலைதழை ஊறிய நீரின் பழுப்பு நிறம் அதை அவ்வளவாக விழுங்காது.

நீரைச் சேர்த்து ஐதாக்கி அளப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கையில்லை. ஒட்டியிருந்த களிமண் திரள்கள் கலக்கும்போது உடைந்துவிடும். ஒரே எடை மண் நுண்ணியதாக இருந்தால் கூடுதலாகச் சிதறடிக்கும். தேற்றாங்கொட்டை உரைத்த நீரில் நடப்பது இதன் மறுபக்கம்: நுண்துகள்கள் சேர்ந்து பருக்கின்றன, பிறகு அடியில் படிகின்றன.

மண்ணின் எடை தெரிய வேண்டுமானால், அதே குளத்து நீரை வடிகட்டி, வண்டலை உலர்த்தி நிறுத்து, கருவியின் எண்ணோடு பொருத்திப் பார்க்க வேண்டும். இரணைமடுவுக்குச் செய்த கணக்கு முத்தையன்கட்டுக் குளத்துக்கு உதவாது.