உல்லாசக் கப்பலுக்குப் போகிறீர்களா? கப்பல் மருத்துவர் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள்

பயணத்தின் மூன்றாம் நாள் காலை. கப்பலின் கீழ்த்தளத்தில் இருக்கும் எங்கள் மருத்துவ அறைக்கு, ஒரு பெண்மணியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார் அவர் கணவர். உதடு வெடித்திருந்தது, நாக்கு வறண்டிருந்தது, எழுந்து நின்றால் தலை சுற்றியது. முந்தாநாள் இரவிலிருந்து வாந்தியும் வயிற்றுப்போக்கும்.

"நேற்றே வந்திருக்கலாமே அம்மா?" என்றேன்.

கணவர்தான் பதில் சொன்னார். "சொன்னால் கேபினிலேயே அடைத்துவிடுவீர்களாமே டாக்டர். வருஷக்கணக்காகக் காசு சேர்த்து வந்திருக்கிறோம்."

நேற்று எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். பஃபேயில்தான். "இவள் ஒன்றும் சாப்பிடவில்லை. துணைக்கு வந்தாள், எனக்குத் தட்டில் எடுத்துவைத்தாள், அவ்வளவுதான்."

இரண்டு பாட்டில் சலைன் ஏற்றியதும் அந்த அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. ஆனால் முந்தின நாள் அவர் பிடித்த கரண்டியை அப்புறம் எத்தனை பேர் பிடித்திருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் எனக்கு மனசு பதறுகிறது.

கப்பலில் வேலை பார்த்த காலத்தில் என்னிடம் வந்தவர்களில் பலர் வீட்டில் மிகவும் ஒழுங்கானவர்கள். வேளாவேளைக்கு மாத்திரை போடுவார்கள், கை கழுவாமல் சாப்பிட உட்கார மாட்டார்கள், உடம்புக்கு ஒன்று என்றால் உடனே டாக்டரிடம் போவார்கள். கப்பலில் ஏறியதும் எல்லாவற்றுக்கும் சேர்த்து லீவு விட்டுவிடுகிறார்கள். அதைத்தான் இங்கே பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்த அம்மாவுக்கு வந்தது நோரோ வைரஸின் வேலை. உடம்புக்குள் போன 12 முதல் 48 மணி நேரத்தில் ஆரம்பிக்கும், பெரும்பாலும் 1 முதல் 3 நாளில் அடங்கிவிடும். ஆனால் பரவும் வேகம் அசாத்தியம். நூறுக்கும் குறைவான வைரஸ் துகள்கள் போதும், அடுத்தவர் படுத்துவிடுவார். கதவுப் பிடி, லிஃப்ட் பொத்தான், படிக்கட்டுக் கைப்பிடி என்று தொட்ட இடங்களில் நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

இதற்காகக் கப்பல் என்றாலே அழுக்கு என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சி.டி.சி.யின் கணக்கில், பதிவாகும் நோரோ வைரஸ் பரவல்களில் கப்பலில் நடப்பவை 1 சதவீதம்தான். அந்த நாட்டுத் துறைமுகங்களுக்கு வரும் உல்லாசக் கப்பல்களில், பயணிகளிலோ ஊழியர்களிலோ 3 சதவீதம் பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு என்று பதிவானால் அதை சி.டி.சி. பொதுவில் வெளியிடுகிறது. அதனால் கப்பல் சங்கதி செய்தியாகிறது, மற்ற இடங்களில் நடப்பது வெளியே தெரிவதில்லை.

சரி, என்ன செய்யலாம்? பஃபே வாசலில் சானிடைசர் வைத்திருப்பார்கள். ஒரு சொட்டை உள்ளங்கையில் வாங்கி, இரண்டு தேய் தேய்த்துவிட்டு உள்ளே போகிறவர்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். நோரோ வைரஸைச் சுற்றிக் கொழுப்பு உறை கிடையாது. அதனால் ஆல்கஹால் அதை அவ்வளவாக ஒன்றும் செய்வதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் அதைக் கையிலிருந்து கழற்றி விடும். விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல் எல்லாம் சேர்த்து 20 விநாடி தேய்க்க வேண்டும். இன்னொரு இடமும் இருக்கிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, எல்லாரும் பிடித்த பரிமாறும் கரண்டியைப் பிடிக்கிறோம், அதே கையால் சாப்பிடுகிறோம். நான் முதலில் தட்டை நிரப்பி மேஜையில் வைத்துவிட்டு, அப்புறம் போய்க் கை கழுவிவிட்டு வந்து சாப்பிடுவேன். அதற்குள் உணவு கொஞ்சம் ஆறிப்போகும், பரவாயில்லை.

வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் கேபினிலிருந்தே மருத்துவ அறைக்குப் போன் செய்யுங்கள், என்ன செய்ய வேண்டும் என்று நாங்களே சொல்வோம். தனிமைப்படுத்துவது உண்மைதான். அறிகுறி நின்ற பிறகும் ஒன்றிரண்டு நாள் உள்ளேயே இருக்கச் சொல்வோம், ஏனென்றால் உடம்பு தேறிய பிறகும் வைரஸ் வெளியேறிக்கொண்டுதான் இருக்கும். சாப்பாடு அறைக்கே வரும். மாத்திரை போட்டு வயிற்றைக் கட்டிக்கொண்டு வெளியே நடமாடுகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அதே தளத்தில் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறவர் இருக்கலாம், எண்பது வயது தாத்தா இருக்கலாம். நமக்கு இரண்டு நாள் தொல்லை, அவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

அடுத்தது நான் மிகவும் கவலைப்படும் விஷயம், நீர் மாத்திரை. இதய பலவீனம் உள்ளவர்களுக்கு, உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றக் கொடுப்பது இது. கரையிறங்கி ஊர் சுற்றும் நாளில் பஸ்ஸில் கழிப்பறை இருக்காதே என்று அன்றைக்கு மட்டும் அதை விட்டுவிடுகிறார்கள். மறுநாளும் ஒரு துறைமுகம், மறுநாளும் விடுவார்கள். கூடவே மூன்று வேளையும் உப்பு தூக்கலான கப்பல் சாப்பாடு. நான்காம் நாள் ராத்திரி படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று வருவார்கள். காலில் விரலால் அழுத்தினால் குழி விழும். மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை, நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதே மாத்திரை போடுகிறவருக்கு வாந்தி, பேதி வந்தால் கதை தலைகீழ். நீர்ச்சத்து வறண்டு சிறுநீரகம் சீக்கிரம் அடிபடும். அப்போது மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று எங்களைக் கேட்டுவிட்டு முடிவு செய்ய வேண்டும்.

மருந்தெல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும். துறைமுகத்தில் ஒப்படைத்த பெட்டி கேபினுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். சில நாளுக்குக் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பிராண்ட் பெயரோடு, உள்ளே இருக்கும் மருந்தின் மூலப்பெயரும் உள்ள சீட்டு ஒன்று கூட இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவர்கள், வேறு நேர மண்டலத்துக்குப் போய்க் கப்பல் கடிகாரம் மாறும் நாளில் எப்படிப் போட வேண்டும் என்பதையும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

கடல் குமட்டலைப் பற்றித்தான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'ஆடுகிறோம்' என்கிறது, கேபின் சுவரைப் பார்க்கும் கண் 'ஆடவில்லை' என்கிறது. அந்தக் குழப்பம்தான் குமட்டல். அதனால் கேபினைத் தேர்ந்தெடுக்கும்போதே யோசிக்கலாம். உயரத்தில், கப்பலின் முன்பக்கத்தில் இருக்கும் பால்கனி கேபினை ஆசைப்பட்டு எடுப்பார்கள். ஆட்டம் அதிகம் தெரிவதும் அங்கேதான். குமட்டுகிற உடம்பு என்றால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் உள்ள அறைதான் நல்லது. குமட்டல் தொடங்கினால் போனை வைத்துவிட்டு மேல்தளத்துக்குப் போய் அடிவானத்தைப் பாருங்கள். குமட்டல் மாத்திரையை ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டால் வெளியே வந்துவிடும். பெரும்பாலான குமட்டல் மாத்திரைகள் தூக்கம் வரவழைப்பவை, அதன் மேல் மது வேண்டாம்.

குமட்டலைத் தடுக்கக் காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபொலமைன் மருந்துப் பட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு நடுவயதுக்காரர் வெளிறிப்போய் வந்தார், மனைவி அழுதுகொண்டே பின்னால். இடது கண்ணின் பாவை பெரிதாக விரிந்திருந்தது, வலது கண்ணில் சாதாரணமாக இருந்தது. பக்கவாதம் என்று பயந்துவிட்டார்கள். கை, கால், பேச்சு எல்லாம் சோதித்தேன், ஒரு குறையும் இல்லை. காதுக்குப் பின்னால் பார்த்தால் பட்டை. காலையில் அதைச் சரியாக அழுத்தி ஒட்டிவிட்டு, கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்த்திருக்கிறார். மருந்து பட்டதில் பாவை விரிந்துவிட்டது, ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். பட்டையைத் தொட்டால் கை கழுவ வேண்டும். அதைத் தேவைக்கு 4 மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும், 3 நாளுக்குமேல் வைக்கக் கூடாது. கண் அழுத்த நோயோ சிறுநீர் கழிப்பதில் சிரமமோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

அப்புறம், பாதுகாப்புப் பயிற்சி. ஏறிய அன்றே ஒவ்வொருவரும் ஆபத்து வந்தால் தாங்கள் ஒன்றுகூட வேண்டிய இடத்தை அறிந்துகொள்ள வேண்டும். அபாயச் சங்கு ஏழு முறை சின்னதாக, ஒரு முறை நீளமாக ஊதும். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கன்கார்டியா என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பல நூறு பயணிகளுக்கு அந்தப் பயிற்சி இன்னும் நடக்கவே இல்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்த விதி அதன் பிறகுதான் மாறியது. இப்போது கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும். பயிற்சிக் காணொளியைப் போனில் பார்த்துவிட்டோமே என்று இருக்காமல், அந்த இடத்துக்குக் கேபினிலிருந்து ஒருமுறை படிக்கட்டு வழியாகவே நடந்து பாருங்கள்.

நடக்கும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்கட்டும். குளியலறை வாசலில் நிலைப்படி கொஞ்சம் உயர்ந்திருக்கும், ராத்திரி இருட்டில் அதில் தடுக்கி மணிக்கட்டை ஒடித்துக்கொண்டு வந்தவர்கள் ஏராளம்.

கப்பலில் வைத்தியத்துக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். கடலிலிருந்து ஹெலிகாப்டரில் கொண்டுபோக நேர்ந்தால் செலவு தாங்காது. ஆகவே அவசர இடமாற்றமும், ஏற்கனவே இருக்கும் நோய்களும் அடங்கிய பயணக் காப்பீடு எடுங்கள்.

இறங்கிய பிறகும் ஒன்றிரண்டு நாள் குளிக்கும்போது, படுக்கும்போது தரை ஆடுவதுபோல இருக்கலாம். பயப்பட வேண்டாம், உடம்பு இன்னும் கடலிலிருந்து மீளவில்லை, அவ்வளவுதான். ஒரு மாதமாகியும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பாருங்கள். கப்பலில் போய் வந்ததை மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு அந்த யோசனை வராமலே போகலாம்.