இலைக்கோழியும் மருமக்கள்வழியும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தேரூர், சுசீந்திரம் பக்கத்துக் குளங்களில் நீளவால் இலைக்கோழியைப் பார்க்கலாம். தாமரை இலை மேல் நடக்கிற பறவை. இதில் பெட்டைதான் பெரிது. இடத்துக்காக மற்றப் பெட்டைகளோடு சண்டை போடுவதும் அதுதான். ஒரு சேவலுக்கு முட்டையிட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த சேவலிடம் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் அப்பன் பாடு.

பரிணாம உயிரியலாளர் ராபர்ட் ட்ரிவர்ஸ் 1972-இல் சொன்ன விதிக்கு இது நல்ல சான்று. பிள்ளைக்காக எந்தப் பால் அதிகம் செலவழிக்கிறதோ அது துணையைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். மற்றது துணைக்காக அடித்துக்கொள்ளும். மனிதரில் ஒன்பது மாதச் சுமையும் பாலூட்டலும் பெண்ணுக்கு. அதனால் ஆண் ஆபத்துக்குத் துணிந்தவனாகவும் பெண் நிதானமானவளாகவும் இருப்பாள் என்று எதிர்பார்க்கலாம். கொலை விஷயத்தில் அது பொருந்துகிறது: உலக அளவில் கொலைச் சந்தேக நபர்களில் சுமார் 90 சதவீதம் ஆண்கள். ஆனால் மனிதரில் அப்பனும் உழைத்துப் போடுகிறான், ஆகவே இந்த விதிப்படியே வித்தியாசம் அளவாகத்தான் இருக்க வேண்டும். ஆண் கொரில்லா பெண்ணைப் போல ஏறக்குறைய இரு மடங்கு எடை. நாம் அப்படி இல்லை.

சரி, போட்டி மனப்பான்மை, கணக்கு, பேச்சு? இங்கேதான் கதை கட்டுவது சுலபம். உளவியலாளர் ஜானெட் ஹைட் 2005-இல் பழைய ஆய்வுத் தொகுப்புகளை அலசியபோது, அளந்த ஆண்-பெண் வித்தியாசங்களில் 78 சதவீதம் சிறியவையாகவோ இல்லாதவையாகவோ இருந்தன.

2009-இல் வந்த ஓர் ஆய்வு எனக்குப் பிடித்தமானது. வாளியில் பந்து எறிய வேண்டும். விழுந்த பந்துக்குக் காசு வாங்கலாம். அல்லது எதிராளியை ஜெயித்தால் மூன்று மடங்கு, தோற்றால் ஒன்றுமில்லை. தான்சானியாவின் மாசாய் மக்கள் தந்தைவழி: ஆண்களில் பாதிப் பேர் போட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள், பெண்களில் 26 சதவீதம். மேகாலயத்தின் காஸி மக்களிடம் குடும்பச் சொத்து கடைசி மகளுக்குப் போகும். அங்கே பெண்கள் 54, ஆண்கள் 39.

இந்தக் குளங்கள் இருக்கும் நாஞ்சில் நாட்டு வெள்ளாளரும் ஒரு காலத்தில் மருமக்கள்வழிதான். சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். பெற்ற பிள்ளைக்குக் கிடைப்பது சொற்பம். (பெண்வழி என்றாலும் சாவி காரணவர் என்ற குடும்பத் தலைவரான தாய்மாமன் கையில்தான், அது வேறு விஷயம்.) இதற்கும் பரிணாமக் கணக்கு ஒன்று உண்டு: தன் பிள்ளைதானா என்ற ஐயம் இருந்தால், ரத்த உறவு உறுதியான மருமகனே, அதாவது சகோதரி மகனே மேல். ஆனால் மரபணுவில் மகன் பாதி, மருமகன் கால். இந்தக் கணக்கு தேற வேண்டுமானால் பெரும்பாலான பிள்ளைகள் வேறொருவருடையவர்களாக இருக்க வேண்டும். நம் ஊரை அப்படிச் சொல்ல யாருக்கும் துணிவு வராது. திருவிதாங்கூரில் 1926-இல் நாஞ்சில் வெள்ளாளர் சட்டம் வந்தது, பெற்ற பிள்ளைக்கே சொத்து போகும் மக்கள்வழிக்குக் கதவு திறந்தது. ஓரிரு தலைமுறையில் அப்பனின் பாசமும் பணமும் ஒரே வீட்டுக்குப் போயின. அதற்குள் மரபணு மாற நேரமே இல்லை.

சொத்து யார் கையில் என்று பார்த்து நடத்தையை மாற்றிக்கொள்ளும் திறனே பரிணாமம் தந்ததுதான் என்று பரிணாம உளவியலாளர்கள் பதில் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் காஸிப் பெண் போட்டியிட்டாலும் மாசாய்ப் பெண் ஒதுங்கினாலும் அந்தப் பதில் பொருந்திவிடுகிறதே!