அடுப்பைச் சுமந்து ஓடிய லாரிகள்

போடிநாயக்கனூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “93 வயதாகும் என் தாத்தா, யுத்த காலத்தில் லாரியும் பஸ்ஸும் அடுப்புக்கரியில் ஓடியதைப் பார்த்திருப்பதாகச் சொல்கிறார். பழைய ரயில் இன்ஜின் மாதிரி நீராவியில் ஓடியதா? கரியை எரித்தால் லாரி எப்படி நகரும்?”

தாத்தா பார்த்தது உண்மை. ஆனால் அது நீராவி இல்லை. அந்த லாரிகளில் இருந்தது இன்றைக்கும் நமக்குத் தெரிந்த அதே பெட்ரோல் இன்ஜின்தான். அதே சிலிண்டர், அதே பிஸ்டன், அதே ஸ்பார்க் பிளக். உள்ளே போன தீனி மட்டும் வேறு.

முதலில் ஏன் அந்த நிலை வந்தது என்று பார்த்துவிடலாம். இரண்டாம் உலகப் போரில் லாரி இல்லாமல் எந்தப் படையும் நகரவில்லை. அமெரிக்காவிடம் எண்ணெய்க் கிணறுகள் இருந்தன. அங்கே ஜிஎம்சி நிறுவனத்தின் இரண்டரை டன் லாரி மட்டும் 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. ஜெர்மனிக்கு அந்த வசதி இல்லை. நிலக்கரியிலிருந்து செயற்கைப் பெட்ரோல் தயாரித்தார்கள், அது விமானத்துக்கும் டாங்கிக்குமே போதவில்லை. சோவியத் நாட்டில் நிலைமை இன்னும் நெருக்கடி. 1941 அக்டோபரில் மாஸ்கோ லாரி ஆலையின் இயந்திரங்களைப் பிடுங்கி ரயிலேற்றிக் கிழக்கே கொண்டுபோனார்கள். 1942 முதல் வந்த ஸீஸ்-5 லாரியின் போர்க்கால மாதிரியைப் படத்தில் பார்த்தாலே மனம் கனக்கும். கேபின் மரப்பலகை. மட்கார்டு வளைக்காத தகடு. முன்சக்கரங்களுக்கு பிரேக் கிடையாது. ஒரே ஒரு ஹெட்லைட். இரும்பும் உழைப்பும் எங்கெல்லாம் மிச்சமாகுமோ அங்கெல்லாம் மிச்சம் பிடித்த வண்டி அது. பெட்ரோலை மட்டும் விட்டுவைப்பார்களா?

நம் பக்கம் வந்தால், 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மா எண்ணெய் நின்றுபோனது. சென்னை மாகாணத்தில் பெட்ரோலுக்கு ஏற்கெனவே ரேஷன். மதுரையில் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார், கரியிலிருந்து எரிவாயு உண்டாக்கும் உலைகளைத் தம் பஸ்களுக்காகச் சொந்தமாகவே தயாரித்தார். தாத்தா பார்த்த வண்டி அந்தக் காலத்தது.

பெட்ரோல் இன்ஜின் உண்மையில் பெட்ரோலைத்தான் கேட்கிறதா என்றால், இல்லை. காற்றோடு கலந்து, பொறி பட்டதும் எரியும் எந்த வாயுவும் அதற்குப் போதும். முற்றுகையில் சிக்கிய லெனின்கிராடில் 1941இல் போரிஸ் ஷெலிஷ் என்ற ராணுவப் பொறியாளர் இதைக் காட்டினார். விமானங்களைத் தடுக்க வானில் மிதக்கவிட்ட பலூன்களில் ஹைட்ரஜன் இருக்கும். நாள்பட அதில் காற்று கலந்துவிட்டால் வெளியேற்றிவிடுவார்கள். அந்தக் கழிவு ஹைட்ரஜனைக் குழாய் வழியாக, பலூனை இறக்கும் லாரியின் இன்ஜினுக்குக் கொடுத்தார் ஷெலிஷ். தீ திரும்பி பலூனுக்குப் போகாமல் இருக்க நடுவில் தண்ணீர்ப் பூட்டு ஒன்றும் வைத்தார், அதாவது வாயு தண்ணீருக்குள் குமிழிட்டு வரும், தீ அதைத் தாண்டாது. வண்டி ஓடியது.

பலூன் இல்லாத ஊரில் எரிவாயுவுக்கு எங்கே போவது? விடை குமுட்டி அடுப்பில் இருக்கிறது.

குமுட்டியில் கரி நன்றாகக் கனிந்த பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். செக்கச் சிவந்த கரிக்கு மேலே மெல்லிய நீலச் சுடர்கள் தவழும். கரி திடப்பொருள், அதற்குச் சுடர் வரக் காரணமே இல்லை. பிறகு எரிவது எது? கார்பன் மோனாக்சைடு. அடியில் காற்று படும் இடத்தில் கரி முழுமையாக எரிந்து கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது. அது மேலே ஏறும் வழியெல்லாம் கனிந்த கரி. அந்தச் சூட்டில் கரி சும்மா இருக்காது. கார்பன் டை ஆக்சைடிடம் இருக்கும் இரண்டு ஆக்சிஜனில் ஒன்றைப் பறித்துக்கொள்ளும். ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடும் ஒரு கார்பன் அணுவும் சேர்ந்து இரண்டு கார்பன் மோனாக்சைடு. எரிந்து தீர்ந்த வாயு மறுபடியும் எரியக்கூடிய வாயுவாகிவிட்டது! இந்த மாற்றம் வெப்பத்தை விழுங்கி நடப்பது. அதாவது நெருப்பின் சூடு வாயுவுக்குள் எரிபொருளாக ஒளிந்துகொள்கிறது. கரியில் கொஞ்சம் ஈரம் இருந்தால் நீராவியும் இதே போல உடைந்து ஹைட்ரஜன் தரும். குமுட்டியில் இந்த வாயு மேலே வந்து நீலமாக எரிந்துவிடுகிறது. அடுப்பை மூடி, அதை எரியவிடாமல் குழாயில் பிடித்தால் லாரிக்குத் தீனி தயார்.

கரிக்கு இது போதும். ஆனால் ஐரோப்பாவில் விறகைக் கரியாக்கி நேரத்தையும் சக்தியையும் இழக்க மனமில்லை, விறகுத் துண்டுகளையே போட நினைத்தார்கள். விறகு சூடானால் தார் கக்கும். அந்தத் தார் இன்ஜின் வால்வுகளில் பசையாகப் படிந்து அவற்றை ஒட்டிவிடும். இதற்கு வழி கண்டவர் பிரான்ஸின் அல்சேஸ் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் இம்பேர். 1920களில் அவர் வடிவமைத்த உலையை நினைத்தால் எனக்கு இன்றும் உள்ளம் துள்ளுகிறது.

எல்லா அடுப்பிலும் புகை மேலே போகும். இம்பேர் அதைக் கீழ்நோக்கி இழுத்தார். உயரமான உருளை ஒன்றை மேலிருந்து விறகால் நிரப்பி மூடிவிடுகிறோம். மேல் அடுக்கில் விறகு காய்கிறது. அதற்குக் கீழே காற்றில்லாமல் வெந்து கரியாகிறது, தார்ப்புகை கிளம்புகிறது. இன்னும் கீழே சுற்றிலும் காற்றுத் துளைகள். அங்கே 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டும் தீ. அதற்கு நேர் கீழே உருளை இடுப்பு போல ஒடுங்குகிறது. வாயு வெளியேற வேறு வழியே கிடையாது என்பதால் தார்ப்புகை அத்தனையும் அந்தத் தீயின் கழுத்துக்குள் நுழைந்தே தீர வேண்டும். நுழைந்தால் பெரிய தார் மூலக்கூறுகள் உடைந்து சிறு வாயுக்களாகிவிடும். அடியில் கனிந்த கரிப் படுகை காத்திருக்கிறது. குமுட்டியில் பார்த்த பறிப்பு வேலை அங்கே நடக்கிறது. அந்தக் கரி தேயத் தேய, மேலே வெந்த விறகு புதுக் கரியாக இறங்கி இடத்தை நிரப்புகிறது.

இதையெல்லாம் இழுப்பது யார்? பம்பு இல்லை, ஊதி இல்லை. இன்ஜினேதான். பிஸ்டன் கீழிறங்கும்போது உண்டாகும் உறிஞ்சல், குழாய் வழியே உலைவரை போய் வெளிக்காற்றைத் துளைகளுக்குள் இழுக்கிறது. டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் பலமாக மூச்சிழுக்கும், நெருப்பு சீறும், வாயு கூடும். தேவை குறைந்தால் நெருப்பும் அடங்கும். கொல்லன் துருத்தியை கொல்லன் மிதிக்கிறான். இங்கே உலையில் விளைந்ததைத் தின்கிறவனே துருத்தியையும் மிதிக்கிறான். இதில் ஒரு சிக்கலும் உண்டு. நெடு நேரம் சும்மா ஓடவிட்டால் உலை ஆறி, உடையாத தார் இன்ஜினுக்குப் போய்விடும். ஏற்றம் வரப்போகிறது என்றால் முன்கூட்டியே வேகம் பிடித்து நெருப்பை எழுப்பிவைக்க வேண்டும்.

உலையிலிருந்து வரும் வாயுவைச் சுழற்றிச் சாம்பலைப் பிரித்து, குளிரவைத்து, வடிகட்டி, காற்றோடு கலந்து சிலிண்டருக்கு விடுவார்கள். சூடான வாயு விரிந்து இடத்தை அடைக்கும் என்பதால் குளிர்விப்பது முக்கியம்.

விலை கொடுக்காமல் இது கிடைக்கவில்லை. உள்ளே போன காற்றில் நைட்ரஜனே அதிகம். எனவே வாயுவில் சரிபாதி எரியாத நைட்ரஜன். ஒரு கன மீட்டர் பெட்ரோல்–காற்றுக் கலவையில் ஏறக்குறைய 3.8 மெகாஜூல் சக்தி என்றால், இந்தக் கலவையில் சுமார் 2.5தான். ஸீஸ்-5 லாரி 73 குதிரைத்திறன் தந்தது. அதையே விறகு வாயுவுக்கு மாற்றி, அழுத்த விகிதத்தையும் (சிலிண்டருக்குள் பிஸ்டன் கலவையை நெருக்கும் அளவு) கூட்டிய ஸீஸ்-21 தந்தது 45. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஈடாக இரண்டரை முதல் மூன்று கிலோ விறகு வேண்டும். ஆனாலும் ஓடினார்கள். ஜெர்மனியில் சுமார் 5 லட்சம் வண்டிகள். ஸ்வீடனில் 1942க்குள் 70,000க்கும் மேல். சோவியத் நாட்டின் காஸ்-42 லாரி மட்டும் 30,000க்கும் மேல்.

பலரும் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. கார்பன் மோனாக்சைடு நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றும், வாசனையும் இல்லை. வண்டி ஓடும்போது குழாயெல்லாம் உறிஞ்சலில் இருப்பதால் விரிசல் இருந்தாலும் காற்று உள்ளேதான் போகும். இன்ஜினை நிறுத்திய பிறகும் உலை சூடாகவே இருக்கும், அப்போதுதான் வாயு வெளியே கசியும். எனவே ஓடும் லாரியைவிட, ஷெட்டில் மூடி நிறுத்திய லாரியே ஆளைக் கொல்லக்கூடியது. அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழாத செய்தியை நாம் இன்றும் படிக்கிறோம். அது பேயும் இல்லை, விதியும் இல்லை. இதே வாயுதான். அடுப்பை வெளியே வைத்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள்.

இதை எழுதும்போது, தண்ணீரில் மூலிகையைப் போட்டுக் காய்ச்சினால் பெட்ரோல் வரும் என்று சொல்லி 1996இல் நாட்டையே பரபரப்பாக்கிய மூலிகைப் பெட்ரோல் நினைவுக்கு வருகிறது. தண்ணீரில் ஓடும் பைக் என்ற காணொளிகளும் ஓயவில்லை. தண்ணீர் ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். கனிந்த கரி அதை உடைக்கிறது என்றால், கரி தன்னையே இழந்து உடைக்கிறது. கணக்கில் எங்கும் இனாம் இல்லை. அதிசயம் தேடுகிறவர்களுக்கு உண்மையான அதிசயம் அந்த உலைக்குள்ளேயே இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1980கள் முதல் இந்த உலைகளை ஆராய்ந்து, மேல்புறம் திறந்த புது வடிவங்களைச் செய்தார்கள். எண்ணெய் விலை ஏறினால் இத்துறைக்குப் பணம் வருவதும், இறங்கினால் வறள்வதும் எனக்கு ஆறாத வருத்தம். சிவகங்கையிலும் ராமநாதபுரத்திலும் சீமைக்கருவேலம் கரியாகிக்கொண்டேதான் இருக்கிறது, எண்ணெய் என்ன விலை விற்றாலும்.

தாத்தாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். காலையில் வண்டி கிளம்புமுன் இன்ஜின் மூச்சிழுக்காது என்பதால், கிளீனர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி விசிறியால் நெருப்பை எழுப்புவார். பத்து இருபது நிமிடம் போனதும் குழாய் முனையில் தீக்குச்சி காட்டுவார். வெறும் புகை வந்தால் இன்னும் சுற்ற வேண்டும். சுடர் பிடித்து, அணையாமல், நீலமாக நின்றால் டிரைவர் ஏறி உட்காரலாம். அந்த நீலத்தைத் தாத்தா பார்த்திருந்தால் எனக்கு எழுதுங்கள்.