அப்ரண்டிஸ் எடுத்தால் பட்டறைக்கு என்ன கிடைக்கும், சட்டம் என்ன கேட்கும்

லேத்திலிருந்து அப்போதுதான் இறக்கிய ஷாஃப்ட் கை பொறுக்காத சூட்டில் இருக்கும். அந்தச் சூட்டிலேயே மைக்ரோமீட்டர் வைத்தால் அளவு சரியாகத்தான் காட்டும். ஆறிய பிறகு பார்த்தால் அண்டர்சைஸ், அதாவது வேண்டிய அளவை விடக் குறைவு. போன வருஷம் எங்கள் பட்டறையில் அப்ரண்டிஸாக, அதாவது தொழில் பழக வந்த ஒரு பெண் இதைக் கவனித்துக் கேட்டாள். "அண்ணா, காலையில சரியா இருந்த ஜாப் மதியம் எப்படிக் குறைஞ்சுது?"

இருபது வருஷமாக அந்த லேத்தில் நிற்கும் டர்னர் சொன்னார். "சூட்டோட அளந்திருப்பம்மா. நான் கையில தொட்டுப் பாத்துட்டுத்தான் அளப்பேன்." அதை அவர் அதுவரை யாருக்கும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. நைட் ஷிஃப்டில் அடிக்கடி விழுந்த ரிஜெக்‌ஷனுக்குக் காரணமும் அன்றுதான் எங்களுக்குப் பிடிபட்டது. மாலையே "ஆறவைத்து அளக்கவும்" என்று எழுதி மெஷின் பக்கத்தில் ஒட்டினோம்.

கோவையில் சிறு பட்டறை நடத்தும் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "ஒன்றும் தெரியாத பிள்ளைகளை வைத்து நமக்கு என்ன லாபம்?" என் அனுபவத்தில் முதல் லாபம் அந்த டர்னரின் கையில் இருந்த வித்தை வெளியே வந்ததுதான். புதிதாக ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று வந்தால்தான் பெரியவர்கள் தாங்கள் செய்வதை வாய்விட்டுச் சொல்கிறார்கள். அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு அதைத் தேட முடியாது.

இதற்கான சட்டம் 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம். 2014-லும், அதன் விதிகளில் 2019-லும் வந்த திருத்தங்கள் சிறு முதலாளிகளுக்கு முக்கியமானவை. 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம் கட்டாயம் அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும். 4 பேர் முதல் 29 பேர் வரை இருந்தால் விருப்பம்போல் எடுக்கலாம். அப்ரண்டிஸ் எண்ணிக்கை மொத்த ஆட்களில் 2.5 சதவீதத்துக்குக் குறையாமலும் 15 சதவீதத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். மஸ்டர் ரோலில், அதாவது உங்கள் சொந்த ஆட்களின் வருகைப் பதிவேட்டில் 25 பேர், கான்ட்ராக்டில் 15 பேர் என்றால் உங்கள் கணக்கு 40. குறைந்தது ஒருவர், அதிகபட்சம் ஆறு பேர்.

உதவித்தொகைக்கு வருவோம். 2019 விதிகளில் குறைந்தபட்சத் தொகை படிப்பைப் பொறுத்து மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை இருந்தது. பத்தாவது முடித்தவருக்கு 6,000, ஐடிஐ சான்றிதழ் உள்ளவருக்கு 7,000, டிப்ளமாவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. இரண்டாம் ஆண்டில் 10 சதவீதமும் மூன்றாம் ஆண்டில் மேலும் 15 சதவீதமும் கூட்ட வேண்டும். இந்தத் தொகைகளை 36 சதவீதம் உயர்த்தும்படி மத்திய தொழிற்பழகுநர் மன்றம் 2025 மே மாதம் பரிந்துரைத்தது. அதனால் ஒப்பந்தம் போடும் நாளில் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா போர்ட்டல் காட்டும் தொகையைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். அதற்கு மேல் கொடுக்கத் தடை கிடையாது. நல்ல பிள்ளைகள் நிலைக்க வேண்டும் என்றால் கொடுப்பதுதான் நல்லது.

இந்தத் தொகை முழுவதும் முதலாளி தலையில் விழுவதில்லை. 2016-ல் தொடங்கிய தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், அதாவது என்ஏபிஎஸ்-ல், உதவித்தொகையில் 25 சதவீதத்தை மத்திய அரசு ஏற்கிறது. உச்சவரம்பு மாதம் 1,500 ரூபாய். 7,000 ரூபாயில் 25 சதவீதம் 1,750 வரும். ஆனால் வரம்பு இருப்பதால் 1,500தான் கிடைக்கும். மீதி 5,500 நிறுவனத்தின் பொறுப்பு. முன்பு நிறுவனம் முழுத்தொகையும் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. 2023 முதல் அரசின் பங்கு நேரடியாக அப்ரண்டிஸின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. ஆகவே ஆதார் இணைத்த கணக்கு முதல் மாதத்திலேயே சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஒரு எழுத்து பிசகினாலும் பிள்ளைகள் மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடுகிறது.

டிப்ளமா, டிகிரி முடித்தவர்களுக்கு என்ஏடிஎஸ் என்ற தேசிய தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம் தனியாக இருக்கிறது. தென் மாநிலங்களுக்கு அதைக் கவனிப்பது சென்னை தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம்.

இனி சட்டம் எதை அனுமதிப்பதில்லை என்று பார்ப்போம். இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. நான் பயிற்சிக்குப் போன இடத்தில் முதல் நான்கு மாதம் மெஷினிலிருந்து விழும் பர், அதாவது உலோகச் சீவல், கூட்டித் தள்ளியதும் டீ வாங்கி வந்ததும்தான் என் பயிற்சி. மெஷினைத் தொட விட்டதில்லை. அது முறையில்லை என்று சொல்ல அப்போது எனக்கு ஆளும் இல்லை, விவரமும் இல்லை. பயிற்சிக்குச் சம்பந்தமில்லாத வேலையில் அப்ரண்டிஸைப் போடுவது சட்டப்படி குற்றம். இந்தச் சட்டத்தின்படி அரசு நியமிக்கும் தொழிற்பழகுநர் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்குவதும், பீஸ் ரேட்டில், அதாவது செய்த உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பதும், உற்பத்தி போனஸ் திட்டத்தில் சேர்ப்பதும் அப்படியே. 2014 திருத்தம் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, இப்படிப்பட்ட ஒவ்வொரு மீறலுக்கும் 1,000 ரூபாய் அபராதம் என்று வைத்தது. தொகை சிறியதுதான். பீஸ் ரேட் ஏன் கூடாது என்பதை முதலாளிகள் யோசித்துப் பார்க்க வேண்டும். எண்ணிக்கைக்காக ஓடும் கைக்கு அளவு பார்க்கப் பழக்கம் வராது. பிறகு அந்தப் பிள்ளையை நீங்களே வேலைக்கு எடுக்கும்போது அதே பழக்கத்தோடுதான் வருவார்.

தியரி வகுப்புக்கு அனுப்பும் நேரமும் உதவித்தொகை உள்ள நேரம்தான். அதைக் கழிக்கக் கூடாது. மாத உதவித்தொகையை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். குறைந்தபட்ச வயது 14, ஆபத்தான தொழில்களுக்கு 18. தொழிற்சாலைகளுக்கான சுகாதாரம், பாதுகாப்பு, நலன் பற்றிய சட்ட விதிகள் இவர்களுக்கும் பொருந்தும். பயிற்சியில் அடிபட்டால் நஷ்டஈடு தர வேண்டியது முதலாளி. முதல் நாளே கண்ணாடியும் ஷூவும் கொடுங்கள். ஜாப்பைப் பிடித்துச் சுழற்றும் சக்கில் சுற்றிக்கொள்ளும் என்பதால் லேத் பக்கம் துணிக் கையுறை போடவே விடாதீர்கள்.

பயிற்சி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை இருக்கலாம், தொழிலைப் பொறுத்தது. ஐடிஐ முடிக்காதவருக்கு முதலில் அடிப்படைப் பயிற்சி தர வேண்டும். முடிவில் தேர்வும், தேறினால் தேசிய அளவிலான சான்றிதழும் உண்டு. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் மட்டும் இரு தரப்பும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். எங்களுக்கு எழுதத் தேவைப்பட்டதில்லை. எங்கள் மெஷினின் சத்தத்தை வைத்தே டூல் மழுங்கியதைச் சொல்லும் பிள்ளையை வெளியே விட எந்த முதலாளிக்கும் மனம் வராது.

சேர்வது எப்படி? நிறுவனமும் பயிற்சிக்கு வருபவரும் போர்ட்டலில் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அரசு ஐடிஐ-களில் நடக்கும் அப்ரண்டிஸ் மேளாவில் இரு தரப்பும் நேரில் பார்த்துக்கொள்ளலாம். மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் விவரம் கேட்டால் சொல்வார்கள். ஒப்பந்தம் போட்டதும் அதைப் பதிவுக்கு அனுப்புவது முதலாளியின் கடமை. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும். இடையில் தகராறு வந்தால் தொழிற்பழகுநர் ஆலோசகரிடம் போகலாம். அவர் முடிவில் திருப்தி இல்லையென்றால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் முதல் வாரத்திலேயே ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: ஒப்பந்தத்தின் பதிவு எண். போர்ட்டலில் உங்கள் பெயரில் அது தெரிய வேண்டும். அது இல்லாமல் "டிரெய்னி" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தால் இந்தச் சட்டத்தின் சான்றிதழ் உங்களுக்கு வராது, அரசின் பங்கும் வராது. இஎஸ்ஐ-யிலிருந்து விலக்கு கோரும் உரிமை நிறுவனத்துக்கும் தானாக வந்துவிடாது.